குளிர் நூடுல்ஸ் ஏன் ஒட்டுகிறது, சாஸ் ஏன் சப்பென்று ஆகிறது?

வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ஜப்பானியக் குளிர் நூடுல்ஸ் சாலட் செய்து பார்த்ததாகவும், நூடுல்ஸ் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டதாகவும், சாஸ் தாராளமாக ஊற்றியும் சப்பென்று இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த நூடுல்ஸ் வாங்குவது, சைவமாகச் செய்ய முடியுமா, காலையில் செய்து மதியத்துக்கு எடுத்துப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் நிறைய இருந்தாலும், நீங்கள் அடிப்படையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: சூடாகச் சாப்பிடும் நூடுல்ஸை ஆறவைத்தால் குளிர் நூடுல்ஸ் ஆகிவிடாதா? ஆகாது. வேகவைக்கும் நேரம், கழுவும் முறை, சாஸின் காரசாரம் எல்லாமே குளிருக்கென்று வேறு. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே தண்ணீரால் வந்தவை. கழுவும்போது தண்ணீர் போதவில்லை, தட்டில் வைக்கும்போது தண்ணீர் அதிகமாகிவிட்டது.

ஜப்பானில் ஒரு சிறிய சீன உணவுக் கடையின் அடுக்களையில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கோடை வந்துவிட்டால் ராமென் என்ற, கொதிக்கும் சாற்றில் வரும் நூடுல்ஸைக் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள். அப்போது கடையைத் தாங்குவது ஹியாஷி சூகா என்ற குளிர் நூடுல்ஸ்தான். 'ஹியாஷி சூகா தொடங்கிவிட்டோம்' என்று வாசலில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அங்கே கோடை வந்துவிட்டது என்பதற்கு அதுவே ஓர் அடையாளம். நீங்கள் படத்தில் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: மஞ்சள் நூடுல்ஸ், மேலே மெல்லிய முட்டைத் துண்டுகள், வெள்ளரி, ஹாம், தக்காளி எல்லாம் நடுவிலிருந்து விளிம்புவரை வரிசையாக அடுக்கி, புளிப்பும் இனிப்புமான சோயா சாஸ் ஊற்றியது. லெட்யூஸ் இலை நிறையப் போட்டு, எள் அல்லது மயோனைஸ் கலந்த டிரெஸிங்கில் புரட்டியது என்றால் அது வேறு. அதற்கு ராமென் சாலட் என்று பெயர். 1985-இல் சப்போரோவின் கிராண்ட் ஹோட்டலைச் சேர்ந்த பீர் உணவகத்தில் பிறந்தது, இன்று ஹொக்கைடோ முழுக்க மதுக்கூடங்களில் கிடைக்கிறது. நூடுல்ஸைப் பக்குவப்படுத்துவது இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் நான் சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் நூடுல்ஸ். ஹியாஷி சூகாவுக்குப் போடுவது ராமெனுக்குப் போடும் அதே கோதுமை நூடுல்ஸ். மாவு பிசையும் தண்ணீரில் கான்சுய் என்ற காரக் கரைசல் சேர்ப்பார்கள் (மிளகாய்க் காரமல்ல, ஆப்பசோடா மாதிரி அமிலத்துக்கு எதிரான காரம்). பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும்தான் அதில் முக்கியம். அந்தக் காரம் மாவின் புரதத்தை இறுக்குகிறது, மாவில் இயல்பாக உள்ள நிறமிகளை மஞ்சளாக்குகிறது. முட்டை போடாமலே அந்த நூடுல்ஸ் மஞ்சளாக இருப்பது இதனால்தான். குளிரவைத்த பிறகும் கடிக்கும்போது துள்ளுகிற அந்த இழுவை இந்தக் காரம் தருவது. ஆகவே பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். கோதுமை மாவோடு பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் நல்லது. எண்ணெயில் பொரித்த உடனடி நூடுல்ஸ் மட்டும் வேண்டாம். அதைப் பெரும்பாலும் பாமாயிலில் பொரிக்கிறார்கள். சூடாகச் சாப்பிடும்போது தெரியாது, குளிர்ந்ததும் அந்தக் கொழுப்பு உறைந்து வாயில் மெழுகு படிந்தது மாதிரி ஆகிவிடும்.

சரியான நூடுல்ஸ் கிடைக்கவில்லையா, மெல்லிய ஸ்பகெட்டி இருந்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் ஜப்பானியர்கள் பலரும் செய்கிற வழி இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா போட்டுக் கொதிக்கவிட்டு, அதில் ஸ்பகெட்டியை வேகவையுங்கள். நுரை சட்டென்று பொங்கும், அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். பேக்கிங் பவுடர் இதற்கு உதவாது, அதில் அமிலமும் கலந்திருக்கிறது. வெந்த ஸ்பகெட்டி மஞ்சளாகி ராமெனின் வாசனையும் வழவழப்பும் ஓரளவு வந்துவிடும். லேசாகச் சோப்புக் கசப்பு இருக்கும், நன்றாகக் கழுவினால் போய்விடும். சூடான ராமெனைவிடக் குளிர் நூடுல்ஸுக்கு இந்த வழி பொருந்துவதற்குக் காரணமே, இதை எப்படியும் கழுவத்தான் போகிறோம் என்பது.

சோபா நூடுல்ஸ், சோமென் என்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் கோடைக்கு ஏற்றவைதான். ஆனால் ஜப்பானில் அவற்றைப் பொதுவாகச் சாலட்டாகக் கலப்பதில்லை. மூங்கில் தட்டிலோ பனிக்கட்டி நீரிலோ வைத்து, தனிக் கிண்ணத்தில் உள்ள சாற்றில் ஒரு வாய் ஒரு வாயாகத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சோபா, பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்வது. அதன் மெல்லிய மணத்தைப் புளிப்பான சாஸ் அமுக்கிவிடும் என்பது என் கருத்து. இப்போது சோபா சாலட்டும் நிறைய வந்துவிட்டது, பிடித்தால் செய்யுங்கள், தவறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பக்வீட் ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக வரும். விருந்தினருக்குக் கொடுப்பதானால் முதலில் கேட்டுவிடுங்கள்.

இனி வேகவைப்பது. இருவருக்கு உலர்ந்த நூடுல்ஸ் 200 கிராம் என்றால், தண்ணீர் குறைந்தது இரண்டரை லிட்டராவது வேண்டும். தண்ணீர் குறைந்தால் மாவுச்சத்து அதிலேயே கெட்டியாகி, நூடுல்ஸ் கஞ்சியில் வெந்தது போல் ஆகிவிடும். உப்பு போட வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். வெந்த மாவு குளிர்ந்தால் இறுகும். சூட்டில் பக்குவமாக இருப்பது பனிக்கட்டித் தண்ணீருக்குப் பிறகு நடுவில் வேகாதது மாதிரி கடிபடும். சோதிப்பதற்கும் ஒரு வழி உண்டு. ஓர் இழையை எடுத்து, சூடாகக் கடிக்காமல், குளிர்ந்த நீரில் கால் நிமிடம் போட்டுவிட்டுக் கடித்துப் பாருங்கள். சாப்பிடும்போது எப்படி இருக்குமோ அதைத்தானே சோதிக்க வேண்டும்.

அடுத்தது கழுவுவது. உங்கள் நூடுல்ஸ் கட்டியானது இங்கேதான். வடித்து, மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் புரட்டி வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இழைகளின் மேல் ஒட்டியிருக்கும் மாவுப்பசை அப்படியே இருக்கிறது, அதன் மேல் எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. எண்ணெய் கொஞ்ச நேரம் ஒட்டாமல் வைத்திருக்கும், ஆனால் சாஸ் இழையில் பிடிக்காது. கடையில் நாங்கள் செய்தது இப்படி: வடித்தவுடன் குழாயடியில் வைத்து முதல் சூட்டைத் தணிப்போம். பிறகு இரண்டு கையாலும் நூடுல்ஸை அள்ளி, உள்ளங்கைகளுக்கு நடுவில் லேசாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். முதலில் தண்ணீர் பால் நிறத்தில் ஓடும். கை வழவழக்கும். அந்த வழவழப்பு போய், இழைகள் கையில் தனித்தனியாகத் தட்டுப்படும்வரை, தண்ணீர் தெளிகிறவரை விடக்கூடாது. உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சரியாக வெந்த நூடுல்ஸ் இதைத் தாங்கும். அப்புறம் பனிக்கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் ஒரு நிமிடம். இறுகி, பளபளவென்று ஆகும். அதற்கு மேல் ஊறவிட்டால் இழை தண்ணீர் குடித்துச் சுவை போய்விடும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பார்கள். அதனால் அங்கே எழுதும் செய்முறைகளில் 'ஓடும் குழாய் நீரில் கழுவுக' என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததில்லை என்றால், முதல் இரண்டு கழுவலுக்கு அதைப் பயன்படுத்துவதைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த நூடுல்ஸ் மறுபடி அடுப்புக்குப் போகப்போவதில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ ஒரு பெரிய பாத்திரத்தில் முன்கூட்டியே குளிரவைத்துக்கொண்டு, மூன்று முறை மாற்றிக் கழுவுங்கள். பனிக்கட்டியும் அதே தண்ணீரில் உறையவைத்ததாக இருக்கட்டும்.

கழுவியதும் வடிய வேண்டும், அதுவும் முழுக்க. சல்லடையில் போட்டு நான்கு தட்டுத் தட்டுவது போதாது. கையால் நூடுல்ஸை சல்லடையோடு சேர்த்து அழுத்திப் பிழியுங்கள். கீழே தண்ணீர் இன்னும் சொட்டுகிறதா, மறுபடியும் அழுத்துங்கள். சுத்தமான துணியில் ஒற்றினாலும் சரி. இரண்டு பேருக்கான நூடுல்ஸின் இடுக்கில் நான்கைந்து கரண்டித் தண்ணீர் சுலபமாக ஒளிந்திருக்கும். அது சாஸில் கலந்தால் சாஸ் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

சாஸ் சப்பென்று போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்ந்த உணவில் நாக்கு இனிப்பைக் குறைவாகத்தான் உணரும். உருகிய ஐஸ்கிரீமை வாயில் வைத்தால் திகட்டுவது இதனால்தான். ஆகவே அறைச் சூட்டில் ருசி பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்த சாஸ், தட்டில் நிச்சயம் குறைவாகத் தெரியும். ருசி பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும். நான் இருவருக்குப் போடும் அளவு: சோயா சாஸ் 60 மில்லி, வினிகர் 50 மில்லி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஸ்டாக் (கோழியிலோ காளானிலோ எடுத்த சாறு) 90 மில்லி, வறுத்த எள்ளெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி. சோயா சாஸ், சர்க்கரை, ஸ்டாக் மூன்றையும் ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறிய பிறகு வினிகர், எண்ணெய், இஞ்சிச் சாறு சேர்த்து, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். எள் சாஸ் வேண்டுமென்றால், வறுத்த வெள்ளை எள்ளை எண்ணெய் கசியும்வரை அரைத்து இரண்டு மேசைக்கரண்டி இதிலேயே கரைத்துவிடலாம்.

நம் கடைப் பொருள்களோடு இந்த அளவுகள் மோதும் இடங்கள் உண்டு. அரிசி வினிகர் மென்மையானது. செயற்கை வினிகர் தொண்டையைப் பிடிக்கும், ஆகவே 30 மில்லி போட்டு, மீதிக்கு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சோயா சாஸ் இயற்கையாகப் புளிக்கவைத்ததாக இருக்க வேண்டும். கருப்பாகக் கெட்டியாக இருக்கும் டார்க் சோயா நிறத்துக்கானது. முக்கியமாக எண்ணெய். நல்லெண்ணெயும் எள்ளெண்ணெய்தானே என்று பலர் ஊற்றிவிடுகிறார்கள். ஜப்பானியர்கள் எள்ளைச் சிவக்க வறுத்துப் பிழிகிறார்கள். செக்கில் ஆட்டும் நல்லெண்ணெய்க்கு எள்ளை அப்படி வறுப்பதில்லை, கருப்பட்டியும் சேர்ப்பார்கள். மணம் முற்றிலும் வேறு. வறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால், எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்துப் பொடித்து, கொஞ்சம் நல்லெண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

தட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு கடுகு விழுது வைப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். ஜப்பானியக் காரக்கடுகும் நம் ஊரில் விளையும் கடுகும் ஒரே இனச் செடிதான், அதனால் வீட்டிலேயே செய்யலாம். கடுகை நைஸாகப் பொடித்து, சலித்து, வெதுவெதுப்பான தண்ணீர் சில சொட்டு விட்டுக் குழைத்து, மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். பொடியில் இருக்கும் நொதி தண்ணீர் பட்டால்தான் வேலை செய்து காரத்தை உண்டாக்கும். முதலிலேயே வினிகரிலோ கொதிநீரிலோ குழைத்தால் அந்த நொதி முடங்கிப்போகும், கசப்புதான் மிஞ்சும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏற வேண்டும், அதுதான் பதம். புளிப்பு இனிப்புச் சாஸில் இந்தக் கடுகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே சாப்பிடும்போதுதான் சாப்பாடு முழுமையாகிறது.

மேலே வைப்பவற்றுக்குக் கட்டாயமான பட்டியல் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் நூடுல்ஸ் அளவுக்கு நீளமாக, மெல்லியதாக நறுக்க வேண்டும், ஒரு வாயில் எல்லாம் சேர்ந்து வரவேண்டும், அவ்வளவுதான். வெள்ளரியைச் சாய்வாக வட்ட வட்டமாக நறுக்கி, அவற்றை அடுக்கிக் குச்சிகளாக்கினால் ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் பச்சைத் தோல் இருக்கும், மொறுமொறுப்பும் நிற்கும். ஜப்பான் வெள்ளரி ஒல்லியானது, விதை குறைவு. பருத்த வெள்ளரியானால் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிடுங்கள், அதுவும் தண்ணீர்தான். முட்டை இரண்டை உப்பும் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரையும் போட்டு அடித்து, ஒரு தேக்கரண்டி சோளமாவைத் தண்ணீரில் கரைத்து விட்டு வடிகட்டுங்கள். சிறு தீயில், சிவக்கவிடாமல், தாள் போல வார்த்து, ஆறியதும் சுருட்டி நூல் நூலாக நறுக்குங்கள். சோளமாவு இருப்பதால் எடுக்கும்போது கிழியாது. முளைகட்டிய பயறு போடுவதானால் கொதிநீரில் காட்டாமல் போடாதீர்கள்.

சைவத்துக்கு வருகிறேன். தாராளமாக முடியும், ஆனால் கடையில் வாங்கும் சாஸை நம்பிச் செய்ய முடியாது. கடைகளில் ஸ்டாக் கோழியிலோ பன்றி எலும்பிலோ எடுப்பார்கள், பாட்டிலில் வரும் சோபா சாற்றில் பெரும்பாலும் உலர்ந்த மீன் இருக்கும். அதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் 'கொம்பு' என்ற ஜப்பானிய உலர் கடற்பாசியும் நான்கைந்து உலர்ந்த ஷீடாகே காளானும் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள். கடற்பாசியில் குளுட்டமேட், காளானில் குவானிலேட், இரண்டும் சேர்ந்தால் ருசி தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு கூடும். மீனே சேர்க்காத ஜப்பானியப் புத்த மடாலய சமையலில் சாறு எடுப்பது இப்படித்தான். ஊறிய காளானைத் தூக்கிப்போட வேண்டாம். சோயா சாஸும் சர்க்கரையும் விட்டு வற்றவைத்து, மெல்லிய துண்டுகளாக்கி, ஹாமுக்குப் பதிலாக வையுங்கள். எனக்கு ஹாமைவிட அதுதான் பிடிக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் டோஃபுவைப் பொரித்து நறுக்கி வைக்கலாம். சில நூடுல்ஸில் முட்டை கலந்திருக்கும், அதையும் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையில் ஜப்பானியதா சீனத்ததா, யார் கண்டுபிடித்தார்கள் என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். சீனாவில் குளிர்ந்த கலவை நூடுல்ஸ் உண்டு, அதிலிருந்து எடுத்து ஜப்பானிலிருந்த சீன உணவகங்கள் தங்கள் கோடைக்கு ஏற்ப மாற்றியது இது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. முதல் கடை எது என்பதில்தான் சர்ச்சை. செண்டாய் நகரின் ரியூதெய் உணவகம் 1937-இல் தொடங்கியதைச் சொல்கிறது. ஆகஸ்டில் தனபாதா என்ற நட்சத்திர விழாவுக்குக் கூட்டம் வரும் ஊர் அது, குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் கொதிக்கும் நூடுல்ஸ் விற்காமல் போகவே, ஊரின் சீன உணவகக்காரர்கள் கூடிப் பேசி உருவாக்கியது என்கிறார்கள். டோக்கியோ ஜிம்போச்சோவின் யோசுகோ சைகான் உணவகமோ 1933-இலேயே, ஃபூஜி மலை வடிவில் குவித்து, நான்கு பருவங்களைக் குறிக்கும் வண்ணங்களோடு பரிமாறினோம் என்கிறது. அடுக்கும் அழகு டோக்கியோவிலிருந்து வந்தது, கோடை வியாபாரத்துக்கான புளிப்பு செண்டாயிலிருந்து வந்தது என்று நான் ஊகிக்கிறேன், அது ஊகம் மட்டுமே. கோடையோடு இது எவ்வளவு பிணைந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: ஜாஸ் பியானோ கலைஞர் யாமாஷிதா யோசுகே, குளிர்காலத்தில் ஏன் இது கிடைப்பதில்லை என்று கேட்டு 1975-இல் ஆர்வலர் சங்கம் ஒன்றையே தொடங்கினார். நகோயா பக்கம் இதன் மேல் மயோனைஸ் போடுவார்கள், மற்ற ஊர்க்காரர்கள் பலருக்கு அது ஆகாது. எனக்கு எள் சாஸோடு ஓரளவு பிடிக்கும்.

கடைசியாக, காலையில் செய்து மதியத்துக்கு எடுத்துப்போவது. இதில்தான் நான் மிகவும் தயங்குகிறேன். வெந்த மாவுப் பொருள்களில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியைத் தாங்கிப் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் வைத்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம். உங்கள் அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்து, பனிக்கட்டிப் பொதியோடு டப்பாவை எடுத்துப்போய் உடனே உள்ளே வைக்க முடிந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் வேண்டாம், இந்த உணவு வீட்டுக்கு இருக்கட்டும். எடுத்துப்போவதானால் நூடுல்ஸை நன்றாகப் பிழிந்து, வறுத்த எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி மட்டும் புரட்டி, சிறுசிறு சுருள்களாக வையுங்கள். சாஸ் தனிப் புட்டியில், தக்காளியும் வெள்ளரியும் தனி டப்பாவில். குளிரில் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். சாப்பிடும் முன் பாதிச் சாஸை ஊற்றி ஒரு நிமிடம் விட்டால் இழைகள் பிரிந்துவிடும். ஜப்பானின் சிறுகடைகளில் விற்கும் பிளாஸ்டிக் டப்பா ஹியாஷி சூகாவிலும் சாஸைத் தனிப் பொட்டலமாகத்தான் வைத்திருப்பார்கள்.

வீட்டில் இரத்த அழுத்தக்காரர்கள் இருந்தால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். இருவருக்கான 60 மில்லி சோயா சாஸில் சுமார் 10 கிராம் உப்பு இருக்கும், உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. தட்டில் தேங்கும் சாஸைக் குடிக்காமல் விட்டால் உள்ளே போகும் உப்பு குறையும். அவர்களுக்குச் சோயா சாஸைப் பாதியாக்கி, ஸ்டாக்கையும் எலுமிச்சையையும் கூட்டிச் செய்யலாம், ருசி பெரிதாகக் கெடாது. அவர்களுக்கு எந்த அளவு சரி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், சமையல்காரர் சொல்லும் விஷயமில்லை அது.